கர்னல் விழுந்தால் கம்பைலரைத் திட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூரிலிருந்து பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் காலை பஸ்ஸில் எங்கள் கூட்டம் ஒன்று உண்டு. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள்தான் அதிகம். ஏதோ ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டில் லினக்ஸை ஓட வைப்பதுதான் எல்லோருக்கும் பிழைப்பு. அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் யாராவது ஒருவர், "அண்ணா, நேத்து ஓ3 போட்டேன், கர்னல் பேனிக் ஆகுது" என்று ஆரம்பித்துவிடுவார். ஒரே பதிலை நாலைந்து பேருக்குச் சொல்லி அலுத்துப்போய், எழுதியே வைத்துவிட்டேன். இங்கே கர்னல் என்றால் லினக்ஸ் கர்னல், ஹார்டுவேரையும் நிரல்களையும் ஆளும் இயங்குதளத்தின் உள்மையம். பேனிக் என்றால் அது தாங்க முடியாமல் முழுசாக நின்றுவிடுவது. கம்பைலர் என்றால் நிரலை மெஷின் கட்டளையாக மாற்றும் மென்பொருள், பெரும்பாலும் ஜிசிசி, சில இடங்களில் கிளாங்.

ஓ0, ஓ2, ஓ3, ஓஎஸ் என்பவை என்ன?

சி நிரலை மெஷின் கட்டளையாக மாற்றும்போது எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கம்பைலருக்கு நாம் சொல்லும் குறிப்புகள், அதாவது ஃப்ளாக்குகள். ஓ0 என்றால் எழுதியதை வரிக்கு வரி அப்படியே மாற்றும். ஓ2 என்றால் வேலை மாறாமல் வேகமாக ஓடும்படி திருத்தும், இதற்குத்தான் ஆப்டிமைசேஷன் என்று பெயர். ஓ3 இன்னும் துணிச்சல்காரன்: ஃபங்ஷன்களைத் தாராளமாக இன்லைன் செய்வான் (அழைக்கும் இடத்திலேயே அப்படியே ஒட்டிவிடுவது), லூப்புகளை விரிப்பான். ஓஎஸ் அளவைச் சுருக்கும். கர்னலின் கான்ஃபிக் மெனுவில் இரண்டே தேர்வுகள்தான், வேகத்துக்கு ஓ2, அளவுக்கு ஓஎஸ். எதையும் தொடாவிட்டால் ஓ2.

நிரல் ஒன்றுதானே? ஃப்ளாக்கை மாற்றியதற்கு ஏன் விழ வேண்டும்?

"வேலை மாறாமல்" என்று மேலே சொன்னேன் அல்லவா, வில்லங்கம் அங்கேதான். எது வேலை என்பதை முடிவு செய்வது சி மொழியின் விதிகள். எழுதியவர் மனதில் என்ன நினைத்தார் என்பது கம்பைலருக்குத் தெரியாது. அந்த விதிகளின்படி சில காரியங்களுக்கு அர்த்தமே கிடையாது. எந்த இடத்தையும் காட்டாத காலி முகவரியான நல் பாயிண்டர் வழியாகப் படிப்பது (பெயரில் மட்டும்தான் நல்), குறியுள்ள முழு எண் வரம்பு மீறுவது போன்றவை அந்த ரகம். இவை நடக்கவே நடக்காது என்று எடுத்துக்கொண்டுதான் கம்பைலர் நிரலை இழைக்கிறது.

இதற்கு 2009-ன் டன் டிரைவர் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. விபிஎன் மென்பொருள்கள் பயன்படுத்தும் மெய்நிகர் நெட்வொர்க் டிரைவர் அது. அதில் ஒரு ஃபங்ஷனில், முதலில் ஒரு பாயிண்டர் வழியாக ஒரு மதிப்பை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாயிண்டர் காலியாக இருக்கிறதா என்று சோதித்தார்கள். கம்பைலர் கணக்குப் போட்டது: மேலேயே இதன் வழியாகப் படித்தாகிவிட்டது, அப்படியானால் இது காலியாக இருக்க முடியாது, கீழே இருக்கும் சோதனை வெட்டி வேலை. தூக்கிவிட்டது. மூல நிரலைப் படிப்பவர் கண்ணுக்குச் சோதனை தெரிகிறது, ஓடுகிற கர்னலில் அது இல்லை. பூஜ்ஜியம் என்ற முகவரியில் தன் சொந்த நினைவகத்தை முன்கூட்டியே மேப் செய்து வைத்த சாதாரணப் பயனர் ஒருவர் அந்த வழியாக எல்லா அதிகாரமும் உள்ள ரூட் ஆக முடிந்தது. பாதுகாப்பு ஆய்வாளர் பிராட் ஸ்பெங்ளர் 2009 ஜூலையில் இதைச் செய்து காட்டினார். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2009-1897 என்பது அந்த ஓட்டையின் எண்.

தவறு டிரைவரில்தான். வரிசை மாறியிருந்தது. ஆனால் அந்தத் தவறைக் கதவு திறந்துவிடும் அளவுக்குக் கொண்டுபோனது ஆப்டிமைசேஷன். டிரைவரைத் திருத்தியதோடு நிற்கவில்லை. நல் சோதனைகளை நீக்காதே என்ற ஃப்ளாக்கையும் கர்னல் முழுவதற்கும் சேர்த்தார்கள்.

இது ஒரு வகை. வேறு இரண்டு வகைகளும் உண்டு. ஒன்று, இரண்டு சிபியுக்கள் ஒரே மாறியைத் தொடும் இடத்தில் கட்டளைகளின் வரிசை மாறி, ஒளிந்திருந்த ரேஸ் (யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும் பிழை) வெளியே வருவது. இன்னொன்று, இன்லைன் அதிகமாகி ஸ்டாக் (ஃபங்ஷன்கள் தற்காலிக மதிப்புகளை வைக்கும் இடம்) நிரம்பிவிடுவது. இரண்டுமே கீழே வரும்.

மேக்ஃபைலில் 'நோ' என்று தொடங்கும் ஃப்ளாக்குகள் இவ்வளவு எதற்கு? எடுத்துவிட்டால் என்ன?

மேக்ஃபைல் என்பது கர்னலை எப்படி பில்ட் செய்வது என்று சொல்லும் கோப்பு. அதிலிருந்து எதையும் எடுத்துவிடாதீர்கள். கர்னல் எழுதப்பட்டிருப்பது புத்தகத்தில் உள்ள சி மொழியில் அல்ல. இந்த ஃப்ளாக்குகளோடு சேர்ந்த சி மொழியில். ஓ2-வா ஓ3-யா என்பது வேகம் பற்றிய பேச்சு. இவையோ கர்னலுக்கும் கம்பைலருக்கும் உள்ள ஒப்பந்தம்.

நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங் என்பது, ஒரே நினைவிடத்தை வெவ்வேறு வகைப் பாயிண்டர்களால் தொடுவேன், குழம்பாதே என்கிறது. கர்னலில் அந்தப் பழக்கம் மூலைக்கு மூலை உண்டு. நோ-ஸ்ட்ரிக்ட்-ஓவர்ஃப்ளோ என்பது, முழு எண் வரம்பு மீறினால் சுற்றி வரும், அது நடக்காது என்று நினைத்துச் சோதனைகளை அழிக்காதே என்கிறது.

எக்ஸ்86-64-ல் (இன்டெல், ஏஎம்டியின் 64 பிட் சிப் வகை) இருக்கும் நோ-ரெட்-ஸோன்தான் எனக்குப் பிடித்தது. அந்தச் சிப்புக்கான ஒப்பந்த விதிப்படி, ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் ஸ்டாக் பாயிண்டருக்குக் கீழே 128 பைட் இடத்தை ஒரு ஃபங்ஷன் பாயிண்டரை நகர்த்தாமலே பயன்படுத்திக்கொள்ளலாம். சாதாரண நிரல்களுக்கு அது லாபம். கர்னலில் நிலைமை வேறு. பெங்களூரு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறுபவர்கள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, ரெட் ஸோன் என்பது துண்டு போடாமலே "அந்த சீட் என்னுது" என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வது. கர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்டரப்ட் (ஹார்டுவேர் இடையில் தட்டிக் கூப்பிடுவது) வந்தால், சிபியு அதே ஸ்டாக்கில், பாயிண்டர் எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே எழுத ஆரம்பிக்கும். நினைத்து வைத்த சீட்டில் வேறொருவர் உட்கார்ந்தாகிவிட்டது. மதிப்பு போச்சு. இன்டரப்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் பிழை ஒரு நாள் வரும், ஒரு வாரம் வராது.

எஸ்எஸ்இ, எம்எம்எக்ஸ் (ஒரே கட்டளையில் பல மதிப்புகளைக் கணக்கிடும் வெக்டர் வசதிகள்) வேண்டாம் என்ற ஃப்ளாக்குகளுக்கும் இதே மாதிரி காரணம். சிபியுவுக்குள்ளேயே இருக்கும் ஃப்ளோட்டிங் பாயிண்ட் ரெஜிஸ்டர்களில் பயனர் நிரலின் மதிப்புகள் இருக்கும். கர்னல் உள்ளே நுழையும்போது அவற்றைச் சேமித்து வைப்பதில்லை. கம்பைலர் லூப்பை வெக்டராக மாற்றி அந்த ரெஜிஸ்டர்களில் கை வைத்தால், கெட்டுப்போவது யாரோ ஒருவருடைய நிரல். ஜிசிசி 12 முதல் ஓ2-விலேயே ஓரளவு வெக்டராக்கம் நடக்கிறது. அதனால் ஓ3 போடவில்லையே, எனக்கென்ன என்று இருக்க முடியாது.

நம் பக்கத்தில் பலர் செய்யும் காரியம்: கர்னலுக்கு வெளியே எழுதிச் சேர்க்கும் மாட்யூலுக்குத் தனி மேக்ஃபைல் எழுதி, கம்பைலரை நேரடியாக அழைத்து பில்ட் செய்வது. அப்போது இந்த ஒப்பந்தம் முழுவதும் விட்டுப்போகும். கர்னலின் சொந்த பில்ட் அமைப்பான கேபில்ட் வழியாகவே போங்கள்.

ஓ3 போட்டால் வேகம் கூடுமா?

கர்னலில் அநேகமாகக் கூடாது. கர்னலின் நேரம் நினைவகத்துக்குக் காத்திருப்பதிலும் லாக்குகளிலும் போகிறது. நீளமான கணக்கு லூப்புகள் அங்கே குறைவு. ஓ3 நிரலை ஊத வைப்பதால் கட்டளைகளுக்கான கேஷில் (சிபியுவின் சிறிய வேக நினைவகம்) இடநெருக்கடிதான் மிச்சம். ஏஆர்சி என்ற சிப் வகைக்கு மட்டும் கர்னலில் ஓ3 தேர்வு சில வருடங்கள் இருந்தது. 2022-ல் அதை எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்று ஒரு பேட்ச் (திருத்த முன்மொழிவு) வந்தபோது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மறுத்துவிட்டார். ஓ3 மோசமான மெஷின் கட்டளைகளைத் தந்த வரலாறு உண்டு என்பது அவர் வாதம். கடைசியில் ஏஆர்சிக்கு இருந்ததையும் எடுத்துவிட்டார்கள். ஆசைப்பட்டுப் போனவருக்கு இருந்ததும் போன கதை.

கேசிஃப்ளாக்ஸ் என்ற மாறி வழியாக நீங்களே ஓ3 போட்டு பில்ட் செய்யலாம், தடுப்பவர் இல்லை. அப்போது கவனிக்க வேண்டியது ஸ்டாக். பயனர் நிரலுக்கு எட்டு எம்பி ஸ்டாக் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும்: எக்ஸ்86-64 கர்னலில் ஒரு திரெட்டுக்கு (தனியாக ஓடும் ஒரு வேலை) 16 கேபிதான். 2014-ல் வந்த 3.15 கர்னலுக்கு முன்னால் அதுவும் 8 கேபி. 32 பிட் ஆர்ம் சிப்புகளில் இன்றும் 8 கேபி. ஐந்து ஃபங்ஷன்களை ஒன்றாக இன்லைன் செய்தால், ஐந்தின் உள்ளூர் மாறிகளும் ஒரே ஃபிரேமில் (ஸ்டாக்கில் ஒரு ஃபங்ஷனின் பங்கு) வந்து குவியலாம். ஃபிரேம் 64 பிட்டில் 2048 பைட், 32 பிட்டில் 1024 பைட் தாண்டினால் பில்ட் சமயத்தில் எச்சரிக்கை வரும்படிதான் வழக்கமாக வைத்திருப்பார்கள். அதை வெறும் எச்சரிக்கைதானே என்று தள்ளிவிடாதீர்கள். ஃபைல் சிஸ்டம், அதற்குக் கீழே பிளாக் லேயர், அதற்குக் கீழே டிரைவர் என்று அழைப்புகள் ஆழமாகப் போகும் பாதையில்தான் அது வெடிக்கும், அதுவும் நினைவகம் தட்டுப்பாடாகும் நேரத்தில்.

ஓ0-வில் பில்ட் செய்து நிதானமாக டீபக் செய்யலாமா?

முடியாது, பில்டே ஆகாது. இந்த நிபந்தனை தவறினால் பில்ட் சமயத்திலேயே பிழை காட்டு என்று கர்னலில் நிறைய இடங்களில் எழுதியிருப்பார்கள். நிறைவேறாத கிளையைக் கம்பைலர் வெட்டி எறியும் என்று நம்பித்தான் அந்த உத்தியே வேலை செய்கிறது. ஓ0 எதையும் வெட்டாது. கட்டாயம் இன்லைன் ஆக வேண்டிய துண்டுகளும் உண்டு. டீபக் கருவியான ஜிடிபி, ஒரு மாறியைக் கேட்டால் "ஆப்டிமைஸ்டு அவுட்" (கம்பைலர் நீக்கிவிட்டது) என்று சொல்லி வெறுப்பேற்றினால், அந்த ஒரு கோப்புக்கு மட்டும் ஓ1 போட்டுப் பாருங்கள். கேபில்டில் கோப்புவாரியாக ஃப்ளாக் கொடுக்க வசதி இருக்கிறது.

அப்படியானால் கம்பைலரில் பிழையே இருக்காதா?

இருக்கும். அரிது, ஆனால் வந்தால் ஆளை ஆட்டிவைக்கும்.

2014 ஜூலையில், கர்னல் 3.16 வெளிவரும் முன், கர்னல் நிரலாளர் மிஷெல் டான்சர் உட்படச் சிலருக்கு ஷெட்யூலரில் (எந்த வேலை எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் பகுதி) காரணமில்லாமல் ஊப்ஸ் (கர்னல் தரும் பிழை அறிக்கை) வந்தது. சிபியுக்களுக்கிடையே வேலையைப் பங்கிடும் லோட் பேலன்ஸ் ஃபங்ஷனை ஜிசிசி 4.9.0 தவறாக மாற்றியிருந்தது. ஸ்டாக்கில் இடம் ஒதுக்கும் முன்பே ஒரு மதிப்பை அங்கே எழுதி வைத்திருந்தது. மறுபடியும் துண்டு போடாத சீட் கதைதான்: இடையில் இன்டரப்ட் வந்தால் மதிப்பு அழிந்துவிடும். நோ-ரெட்-ஸோன் ஃப்ளாக் இருந்தும் இது நடந்தது. கர்னல் தன் பங்கைச் சரியாகச் செய்திருந்தது, ஒப்பந்தத்தை மீறியது கம்பைலர். டோர்வால்ட்ஸ் திட்டிய திட்டு வாயில் சொல்லக்கூடியதல்ல.

இதில் என்னைக் கவர்ந்த விஷயம் இரண்டு. டீபக் தகவலைச் சேர்க்கச் சொன்னால்தான் பிழை வந்தது. டீபக் தகவல் என்பது பக்கத்தில் எழுதும் குறிப்பு மாதிரி, அது கட்டளைகளை மாற்றவே கூடாது. இன்னொன்று, அந்தப் பிழை ஜிசிசி 4.5 காலத்திலிருந்தே உள்ளே கிடந்திருக்கிறது. 4.9-ல் வேறெங்கோ செய்த சின்ன மாற்றம்தான் அதைக் கிளப்பியது. மாறிகளைத் தடம் பிடிக்கும் ஃப்ளாக் ஒன்றை அணைத்துத்தான் கர்னல் தப்பித்தது.

2020-ல் ஜிசிசி 10 வந்தபோது நடந்தது வேறு மாதிரி. எக்ஸ்86 இயந்திரங்கள் பூட் ஆகும்போதே, ஸ்டாக் கெட்டுவிட்டது என்று பேனிக் ஆயின. உண்மையில் ஸ்டாக் கெடவில்லை. இரண்டாவது சிபியுவை எழுப்பும் ஃபங்ஷன், ஸ்டாக்கைக் காக்கும் கேனரி மதிப்பை நடுவழியில் தானே மாற்றுகிறது. அந்த ஃபங்ஷன் எப்போதும் திரும்பாது என்பதால் இதுவரை யாரும் அந்த மதிப்பைச் சரிபார்க்கவில்லை. ஜிசிசி 10 கடைசி அழைப்பை நேரடித் தாவலாக மாற்றியது. தாவுவதற்கு முன் நியாயமாகக் கேனரியைச் சரிபார்த்தது. மதிப்பு மாறியிருந்தது. பேனிக். கம்பைலர் மேல் பழி சொல்ல முடியாது, பழைய கர்னல் நிரல் மேலும் முழுக்கச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் தாவல் ஆப்டிமைசேஷனைத் தடுக்கும் ஒரு வரியைச் சேர்த்து முடித்தார்கள்.

பிரிண்ட்கே போட்டால் ஓடுகிறது, எடுத்தால் தொங்குகிறது. வாலடைல் போட்டால் சரியாகுமா?

வருடத்துக்கு ஒரு முறையாவது யாராவது இதோடு வருவார்கள். பிரிண்ட்கே என்பது கர்னல் பதிவில் ஒரு வரி எழுதும் ஃபங்ஷன். வாலடைல் என்பது, இந்த மாறியை ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல். எங்கள் இடத்தில் ஒரு இன்டர்ன் பையன் எழுதிய டிரைவரில், இன்டரப்ட் ஒரு மாறியை 1 ஆக்கும், வெளியே ஒரு லூப் அந்த மாறி 1 ஆகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். லூப்புக்குள் அந்த மாறியை யாரும் மாற்றவில்லை என்று பார்த்த கம்பைலர், ஒரே ஒரு முறை படித்து ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டது. அப்புறம் நினைவகத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. உள்ளே பிரிண்ட்கே இருந்தபோது, அந்த அழைப்பு மாறியை மாற்றியிருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி படித்தது. அதனால் ஓடியது. பையன் இரண்டு நாள் டைமிங் பிரச்சினை என்று ஆசிலோஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தான்.

வாலடைல் போட்டால் தொங்குவது நின்றுவிடும், உண்மைதான். ஆனால் மாறியை அறிவிக்கும் இடத்தில் அதைப் போடுவதைக் கர்னல்காரர்கள் விரும்புவதில்லை. கர்னல் ஆவணத்திலேயே அதற்கு எதிராக ஒரு பக்கம் இருக்கிறது. எங்கே படிக்கிறீர்களோ அங்கே ரீட்_ஒன்ஸ், எங்கே எழுதுகிறீர்களோ அங்கே ரைட்_ஒன்ஸ், வாலடைல் வேலையை அந்த ஓர் இடத்தில் மட்டும் இவை செய்யும். வரிசை முக்கியம் என்றால், அதை மாற்றாதே என்று தடுக்கும் பேரியர். கம்பைலர் வரிசையை மாற்றாவிட்டாலும் சிபியு மாற்றும், ஆர்மில் அது சர்வசாதாரணம். வாலடைல் அங்கே உதவாது. அந்தப் பையனுக்கு நான் சொன்னது இன்னும் சுலபம்: கம்ப்ளீஷன் என்ற வசதி தயாராக இருக்கிறது, அதில் தூங்கிக் காத்திரு, சிபியுவை எரிக்காதே.

எல்டிஓ, மார்ச்-நேட்டிவ் பற்றி?

எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகப் பார்த்து இழைக்கும் எல்டிஓ, 2021-ல் வந்த 5.12 கர்னல் முதல் கிளாங்குக்கு அதிகாரபூர்வமாக உண்டு. ஜிசிசிக்கு மெயின்லைனில் (அதிகாரபூர்வக் கர்னல்) இல்லை. மார்ச்-நேட்டிவ் என்பது பில்ட் செய்யும் இயந்திரத்தின் சிபியுவுக்கே அளந்து தைப்பது. எக்ஸ்86-க்கு 6.16-ல் அதற்குத் தேர்வு வந்தது. சொந்த லேப்டாப்புக்குச் சரி. புது சர்வரில் பில்ட் செய்து பழைய பெட்டியில் போட்டால், தெரியாத கட்டளை வந்து பூட்டிலேயே நின்றுவிடும். கம்பைலர் பதிப்பை மாற்றினால் வெளி மாட்யூல்களையும் அதே கம்பைலரில் மறுபடி பில்ட் செய்துவிடுங்கள்.

என் கர்னல் விழுகிறது. ஃப்ளாக்கா, டிரைவரா, ரேம் கோளாறா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது ஜிசிசி, புது கான்ஃபிக், ஓ3 மூன்றையும் ஒன்றாகப் போட்டு, போர்டைச் சோதனைக்கு விட்டுவிட்டு, மடிவாளாவில் சேலம் பஸ் பிடித்துவிட்டேன். திங்கள்கிழமை வந்து பார்த்தால் போர்டு செத்துக் கிடக்கிறது. மூன்றில் எது என்று பிரிக்க அந்த வாரம் முழுவதும் போனது. (கான்ஃபிக்தான். ஓ3 பாவம்.)

ஆகவே, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். எந்தக் கம்பைலரில் ஆன கர்னல் ஓடுகிறது என்பதை ப்ராக் கோப்பு அமைப்பிலுள்ள வெர்ஷன் கோப்பு சொல்லும். நீங்கள் நினைத்த கர்னல்தான் ஓடுகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். வேறு கர்னலை டீபக் செய்துகொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் ஹார்டுவேர். ஊப்ஸ் ஒவ்வொரு முறையும் சம்பந்தமே இல்லாத இடத்தில் வந்தால், ரேமைச் சந்தேகப்படுங்கள். பில்ட் செய்யும் இயந்திரத்தில் ஜிசிசியே ஒவ்வொரு தடவை ஒவ்வொரு கோப்பில் விழுந்தாலும் அதேதான், ஏனென்றால் கம்பைலர் பிழை என்றால் ஒரே கோப்பில் ஒரே இடத்தில் விழ வேண்டும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு ஸ்டிக் என்னை மூன்று நாள் இப்படிச் சுற்ற விட்டது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டியதும் சிவப்பாகக் கொட்டியது.

ஒரே இடத்தில் விழுகிறது, ஓ2-வில் விழவில்லை, ஓ3-ல் விழுகிறது என்றால், இனிமேல்தான் சுவாரசியம். யூபிசான் (சி விதிப்படி அர்த்தமற்ற காரியங்களைப் பிடிப்பது), கேசான் (நினைவகத் தவறுகளைப் பிடிப்பது) என்ற கர்னல் சோதனைக் கருவிகள் இரண்டையும் போட்டு ஒரு பில்ட். பத்தில் எட்டு தடவை, என் அனுபவத்தில், இங்கேயே டிரைவரில் இருக்கும் பிழை பல்லைக் காட்டிவிடும். ரேஸ் என்று சந்தேகம் இருந்தால் அதைப் பிடிக்கும் கேசிசான். ஆனால் இவற்றைப் போட்டவுடன் பிழை மறைந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், டைமிங் மாறிவிட்டது என்று மட்டும் அர்த்தம்.

அவை ஒன்றும் காட்டாவிட்டால், பாதிப் பாதியாகப் பிரிப்பது. ஓ2-வில் ஒரு முழு பில்ட், ஓ3-ல் ஒரு முழு பில்ட் தனித்தனி டைரக்டரிகளில் வைத்துக்கொண்டு, பாதி ஆப்ஜெக்ட் கோப்புகளை (மூலக் கோப்புகள் கம்பைல் ஆகி வருபவை) அங்கிருந்தும் பாதியை இங்கிருந்தும் எடுத்து இணையுங்கள். விழுகிறதா? ஓ3-லிருந்து வந்த பாதியை மறுபடி பிரியுங்கள், விழாவிட்டால் மற்றப் பாதியை. 2000 ஆப்ஜெக்ட் கோப்புகள் என்றாலும் 11 சுற்றில் ஒரே கோப்பில் வந்து நிற்கும். பிறகு அந்தக் கோப்பின் இரண்டு பில்டுகளையும், மெஷின் கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அசெம்பிளி தெரியாது என்று பயப்பட வேண்டாம், காணாமல் போன ஒரு சோதனையோ இடம் மாறிய, நினைவகத்தில் எழுதும் ஒரு கட்டளையோ கண்ணில் படும் அளவுக்குத் தெரிந்தால் போதும். இவ்வளவும் செய்து, மூல நிரலில் தவறே இல்லை என்று தெரிந்தால்தான் ஜிசிசிக்குப் புகார் எழுதுவேன். இதுவரை இரண்டு முறை எழுத உட்கார்ந்தேன், இரண்டு முறையும் பாதி எழுதும்போதே என் பிழை தெரிந்துவிட்டது.

மேனேஜர் "ஓ3 போட்டு ஐந்து சதவீதம் கறந்துவிடு" என்கிறார். என்ன சொல்வது?

மறுக்க வேண்டாம். ஓ2 கர்னலையும் ஓ3 கர்னலையும் அதே போர்டில், அதே வேலையோடு, எந்த ஃபங்ஷனில் எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியில் அளந்து, இரண்டு எண்களையும் இமேஜின் அளவையும் அவர் முன்னால் வையுங்கள். பெர்ஃப் காட்டும் பட்டியலில் மேலே நிற்கும் ஃபங்ஷன் உங்கள் டிரைவரிலேயே இருந்தால், அந்த ஒரு கோப்புக்கு மட்டும் ஓ3 போட்டு மறுபடி அளந்து பாருங்கள். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், காலை 7.40 பஸ்ஸில் பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் இருப்பேன்.